வேலில் கட்டிய பிராது

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் கூலிக்குக் கல் உடைத்தவன் நான். என் மனைவி அதே குழியிலிருந்து அந்தக் கல்லைத் தலையில் சுமந்து மேலே ஏற்றியவள். அங்கிருந்து கிளம்பி, ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலைப் பக்கம் என் பெயர் எழுதிய லாரிகள் ஓடுகிற நிலைக்கு வந்தேன். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை நான் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூடச் சொல்லுவேன். சொல்லக்கூடிய விஷயம்தானே.

அப்படிப்பட்டவன் ஐம்பது வயதுக்கு மேல் குற்றவியல் நீதியும் காவல் நிர்வாகமும் என்று இளங்கலைப் பட்டம் படித்தேன். அதுவும் கல்லூரிக்குப் போகாமல், கம்ப்யூட்டர் வழியாக. பெரம்பலூர் ஜில்லாவில் அந்த நாளில் லாரிக்காரன் எவன் படித்தான்?

படித்ததற்குக் காரணம் ஆசை இல்லை, எரிச்சல். கல் ஏற்றி வருகிற வண்டியை ரோட்டில் நிறுத்துவார்கள். தொப்பி போட்டவர் ஏதோ ஒரு செக்‌ஷன் நம்பரைச் சொல்லுவார். என் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், நானும் போய் நிற்பேன். அவர் சொன்ன நம்பர் நிஜமா, வாய்க்கு வந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்ல வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே, மருந்துக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த ஒரு பெண் அதை நடத்தி வந்தாள். கணவர் துபாயில். வண்டிக் காகிதம் ஒன்றை அச்செடுக்கப் போனபோது சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை அவளிடம் வாசிக்கச் சொன்னேன். பாடம் எல்லாம் இன்டர்நெட்டில் வரும், பரீட்சைக்கு மட்டும் திருச்சிக்குப் போனால் போதும் என்று இருந்தது.

"ஏம்மா, இதுக்கு வயசு ஏதும் போட்ருக்கா?"

"வயசு தடையில்லைன்னுதாங்க ஐயா போட்ருக்கு. பன்னெண்டாவது படிக்காதவங்க மொதல்ல ஒரு பரீட்சை எழுதணுமாம்."

"எழுதிப்புடலாம்."

"யாருங்க, தம்பிக்கா?"

"எனக்குத்தாம்மா."

"மாஷா அல்லாஹ்" என்றாள். சிரிக்காமல் அதைச் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பாடங்களை அச்செடுத்துக் கொடுத்தவளும், நான் சொல்லச் சொல்ல விடைகளைத் தட்டி அனுப்பியவளும் அவள்தான். வீட்டுப் பயிற்சி கேட்டால் மின்சாரம் போவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் பறப்போம்.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. "போலீசக் கண்டா கரும்புக் கொல்லையில பூந்துக்கிற ஆளுக்குப் போலீஸ் படிப்பு" என்றாள் மனைவி. சிறுவாச்சூரில் நெடுஞ்சாலை ஓரம் நான் வைத்துக் கொடுத்த டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என் ஒரே மகன். அவன், "பரீட்சையில பேப்பர் தீந்து போனா ரிவர்ஸ் எடுத்துடாதீங்கப்பா" என்றான். அவனுக்கு அப்போது கல்யாண வயது. நன்றாகச் சிரிப்பான், அதிகம் பேச மாட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி கேலி செய்யவில்லை. பாடத்தாள்களில் தூக்குப் போட்ட கழுத்து, விஷம் குடித்த உதடு, வெட்டுப்பட்ட கை என்று படங்கள் இருக்கும். அவற்றை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றாள்.

"இதையெல்லாம் வூட்டுல அடுக்கி வச்சா, நம்மளக் கூப்புடுறாங்கன்னு அது உள்ள வந்துடும்."

"எது வரும்?"

"எதுன்னு பேரு சொல்லி வேற கூப்புடணுமா?"

தாள்களை வீட்டை ஒட்டிய லாரி ஷெட்டில் வைத்தேன். அப்படியும் வந்துவிட்டது.

இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் சங்கிலி காணாமல் போயிற்று. அது நான் வாங்கிக் கொடுத்தது இல்லை. எனக்கு முதல் லாரி வருவதற்கு முன்பே அவள் கல் சுமந்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. எத்தனையோ நகை அப்புறம் வந்தது, எதையும் அவள் மதிக்கவில்லை. அந்தச் சங்கிலியை விசேஷத்துக்குக்கூடப் போடாமல் பீரோவில் வைத்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்தால், பெட்டி இருக்கிறது, சங்கிலி இல்லை. அவள் கத்தவில்லை. காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கழுத்தெலும்பு தேஞ்சு வந்த பொருளுங்க அது" என்றாள். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் பொருள் தொலைந்தால் போலீசுக்குப் போகிறவர்கள் குறைவு. விருத்தாசலத்துப் பக்கம் ஒரு கோயில் இருக்கிறது. அங்கே போய்ச் சாமியிடம் பிராது கொடுப்பார்கள். நிஜமாகவே ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரிதான். ஊர், பெயர், என்ன நடந்தது, யார்மேல் சந்தேகம், என்ன தண்டனை வேண்டும் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற எழுத்தர் எழுதித் தருவார். அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, சுருட்டி, நூலால் சுற்றி, சந்நிதிக்கு முன்னால் நட்டிருக்கிற வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. இடையில் மனம் ஆறிவிட்டாலோ, பொருள் கிடைத்துவிட்டாலோ, பிராது கொடுத்தவரே திரும்பப் போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். வாபஸ் வாங்காமல் விட்ட பிராது வேலில் கிடந்து வேலை செய்துகொண்டே இருக்கும் என்பார்கள்.

நான் துணைக்குப் போனேன். ஒரு குற்றவியல் மாணவன் என்கிற முறையில் எனக்கு அந்த நடைமுறை பிடித்தே இருந்தது. புகார் இருக்கிறது, கெடு இருக்கிறது, சமாதானத்துக்கு வழி இருக்கிறது.

எழுத்தர் கேட்டார். "யார்மேல சந்தேகம்மா?"

"தெரியலைங்க. எடுத்தது எவனா இருந்தாலும் சரி. எடுத்த கை வெளங்கக் கூடாது."

"ரொம்பக் கடுமையா இருக்கேம்மா. பொருள் வந்து சேரணும்னு மட்டும் எழுதட்டா?"

"கையின்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுதியதை அவர் உரக்க வாசித்துக் காட்டினார். மனைவி கைநாட்டு வைத்தாள். வேலே தெரியாத அளவுக்கு ஏற்கெனவே மரத்து இலை மாதிரிக் காகிதங்கள் தொங்கின. காற்றடித்தபோது அத்தனையும் சேர்ந்து சரசரவென்று ஒரு சத்தம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாமி ஒரு பக்கம் விசாரிக்கட்டும், நாமும் விசாரிப்போம் என்று இறங்கினேன். அந்த மாதம் பாடத்திலும் அதையே கேட்டிருந்தார்கள். உங்கள் பகுதியில் நடந்த ஒரு குற்றத்தை ஆராய்ந்து எழுதுக. என் வீட்டுக் குற்றத்தையே எடுத்துக்கொண்டேன்.

பீரோ உடைக்கப்படவில்லை. சாவி அரிசி டிரம்முக்குள், அரிசிக்கு அடியில் இருக்கும். அது தெரிந்தவர்கள் நானும் மனைவியும் மகனும். நான்காவதாக ஒருவர் இருந்தார். என் முதல் லாரியிலிருந்து எனக்கு வண்டி ஓட்டிய டிரைவர். கீழப்பழுவூர்க்காரர். குழியில் என்னோடு கல் உடைத்தவர், என்னைவிட இரண்டொரு வயது இளையவர். அரிசி மூட்டையைத் தூக்கிவந்து டிரம்மில் கொட்டுகிறவர் அவர். கொட்டும்போது சாவியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கொட்டி முடித்ததும் உள்ளே போடுகிறவரும் அவரே. வீட்டார் மூவரைக் கழித்தால் மிஞ்சுவது அவர்தான். பாடத்தில் சொன்ன முறை அது. சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் அதைச் சொன்னேன். அதற்குள் என்னை ஸ்டேஷனில் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருகிற அளவுக்கு என் படிப்பு வளர்ந்திருந்தது.

சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டார்கள். காலையில் போனவரைப் பொழுது சாய்கிறவரை தரையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவன் அப்படி உட்கார்ந்து எழுந்துவிட்டால், அடித்தார்களா, ஒப்புக்கொண்டானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்ததே போதும்.

வெளியே வந்தவர் நேராக என் ஷெட்டுக்கு வந்தார். வண்டிச் சாவியை நீட்டினார்.

"அண்ணே, டீசல் போட்டு வச்சிருக்கேன். பின்னாடி உள் டயர்ல காத்து கம்மியா இருக்கு. பாத்துக்குங்க."

"ஏய், சும்மா ஒரு விசாரணை. இதுக்குப் போயி..."

"இல்லண்ணே. போயிட்டு வரேன்."

என் மகன் அப்போது அந்தப் பின் டயரின் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். காற்றுப் பார்க்கிற கருவி அவன் கையில் இருந்தது. அவன் நிமிரவே இல்லை. வீட்டு வாசலில் நின்ற மனைவி டிரைவர் போவதைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

என் ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. சாவியை வைத்துச் சந்தேக வட்டத்தைச் சுருக்கிய விதம் சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். பிரவுசிங் சென்டர் பெண் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"ஒங்க வூட்டுக்கு நல்ல காலந்தாங்க ஐயா. தம்பிக்கும் விசா வந்துடுச்சுல்ல. இங்கதான் பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி ஏஜெண்டுக்கு அனுப்பிச்சாரு."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மகன் வெளிநாடு போகப் போகிறான் என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். மாடிப்படி இறங்கினேன். ஏஜெண்டு இலவசமாகச் செய்கிறவன் இல்லை. டயர் கடை வருமானமோ என் கைக்கு வருவது. அப்புறம் கணக்குப் போட என்ன இருக்கிறது? எந்தப் பாடமும் தேவைப்படவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் காளி கோயில் நடை திறக்கிறது திங்களும் வெள்ளியும்தான், அதனால் கூட்டம் நெரியும். மனைவியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு மகனின் கடைக்குப் போனேன். அவன் கடப்பாறையால் ஒரு லாரி டயரை ரிம்மிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. எதிரே நான்கு வழிச்சாலைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் புழுதி அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். "ஏம்ப்பா இப்படிப் பேசாம உக்காந்திருக்கீங்க? ஸ்டேஷன்ல இருக்கற மாதிரி இருக்கு."

"விசா வந்துடுச்சாமே."

கடப்பாறை ஒரு நொடி நின்றது. "சொல்லலாம்னுதாம்ப்பா இருந்தேன்."

"ஏஜெண்டுக்கு யாரு குடுத்தா?"

"கூட்டாளி ஒருத்தன்."

"எந்தக் கூட்டாளி?"

அவன் கடப்பாறையை மறுபடி டயருக்குள் செருகினான்.

"அரிசி டிரம்முக்குள்ள கைய வுட்டப்போ என்னடா நெனச்சே?"

பிடித்திருந்த கை நழுவியது. கடப்பாறை சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மகன் குனிந்து அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான்.

"வித்துட்டேன்ப்பா. அரியலூர்ல. அன்னிக்கே உருக்கிட்டாங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்க." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "குடுத்துட்டு ஊரு பூரா சொல்லியிருப்பீங்க. எம்பையன துபாய்க்கு அனுப்புனது நானாக்கும்னு. நான் சாவுற வரைக்கும் அது ஒங்க துபாயாத்தாம்ப்பா இருந்திருக்கும்."

சொல்லியிருப்பேன்தான்.

"அந்த டிரைவர்?"

"அவர அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனக்கலப்பா."

"ஒங்கம்மா என்ன எழுதிக் கட்டியிருக்கான்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அதெல்லாம் சும்மாப்பா" என்றான். ஆனால் கைலியில் வலது கையைத் துடைக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போது மனைவி கூட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். இலையில் குங்குமம். மகன் நெற்றியில் வைத்துவிட்டாள். அவன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கேன். எடுத்தவன் கைய அவளும் பாத்துக்குவா" என்றாள்.

மகன் கடப்பாறையை எடுக்கத் திரும்பினான்.

அவளுக்கு உண்மை தெரியக் கூடாது, பிராது வாபஸ் ஆக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. பொருள் மீட்கப்பட்டால் வழக்கு முடிந்தது. திருச்சிக்குப் போய், எங்கள் ஊர்க்காரர் கண்ணில் படாமல், அதே நீளம், அதே முறுக்கில் ஒரு சங்கிலி செய்யச் சொன்னேன். புது மினுக்கம் போக அதை என் சட்டைப்பையில் வைத்து நாள்கணக்கில் விரலால் தேய்த்தேன். பிறகு அவள் அடுப்படியில் இருந்தபோது போய் நீட்டினேன்.

"இந்தா. என் விசாரணையில சிக்குச்சு. எங்க, யாருன்னெல்லாம் கேக்காத. நாளைக்கே போயி ராஜினாமா பண்ணிட்டு வந்துடுவோம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். கொக்கியை விரலால் தடவினாள்.

"கொக்கிகிட்ட ஒரு நசுங்கல் இருக்கும். கல்லு உருண்டு மேல விழுந்தப்ப ஆனது. அது எங்க?"

"தட்டி நிமித்தியிருப்பாங்க."

"அப்போ திருடுனவன் எனக்கு ரிப்பேரும் பாத்துக் குடுத்திருக்கான். நல்ல மனுசன்."

நான் சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, அந்த டிரைவரு எடுத்திருந்தா நீங்க புதுச்சங்கிலி செய்ய மாட்டீங்க. கைவெலங்கு செஞ்சிருப்பீங்க. ஊர்ல வேற எவன் எடுத்திருந்தாலும் அதான். நீங்க இப்படிப் போயி ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யணும்னா..." அவள் முடிக்கவில்லை. கொடியில் மகனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றாள். பிறகு அரிசி டிரம்மைத் திறந்து புதுச்சங்கிலியை உள்ளே போட்டு மூடினாள்.

"சரி வுடு, நாளைக்குக் கோயிலுக்குப் போவோம்" என்றேன்.

"அவன் வாயால சொல்லட்டும். என்னிக்குச் சொல்றானோ அன்னிக்கே போறேன். எனக்குத் தெரியும்னு நீங்க அவன்கிட்ட மூச்சு வுடக் கூடாது. நீங்க சொல்லி அவன் சொன்னா, அது சொன்னதா ஆவாது."

"கெடு முடியப் போவுது. கையின்னு எழுதியிருக்க."

"நான்தான எழுதச் சொன்னேன். எனக்குத் தெரியாதா?"

அந்த வாரங்களில் அவள் மகனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைகிற அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் சாப்பிட்டு எழுந்து போவான். அவள் காலித் தட்டைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாள்.

கிளம்புகிற நாள் வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் வாசலில் நின்றது. அவன் எங்கள் காலில் விழுந்து எழுந்தான். மனைவி அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் காய் பார்க்கிற மாதிரி.

"ஏதாவது சொல்லணுமாடா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வேனின் டயரைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. ஒடம்பப் பாத்துக்க."

அவள் கையை விட்டாள். வேன் திரும்பி மறைந்த பிறகும் அவள் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

அவன் போய்ச் சேர்ந்து, வேலையில் இருந்தபோதே கெடு முடிந்தது. அங்கே அவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் என் செல்போனுக்குக் கூப்பிடுவான். முதலில் நான் பேசுவேன், அப்புறம் அவள். அவள் எடுத்தவுடன் கேட்பது ஒன்றே ஒன்று. "கை நல்லாருக்கா?" அவன் நல்லாருக்கும்மா என்பான். அவள் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். ஊரில் எல்லோரும் அம்மாவுக்கு என்ன பாசம் என்றார்கள்.

இதற்கு நடுவில் நான் கடைசி வருடப் பரீட்சை எழுதினேன். ஒப்புதல் வாக்குமூலம் எப்போது செல்லும் என்று ஒரு கேள்வி. எவரும் மிரட்டியிருக்கக் கூடாது, ஆசை காட்டியிருக்கக் கூடாது, தானாக மனம் வந்து சொல்லியிருக்க வேண்டும். பக்கம் பக்கமாக எழுதினேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லை, என் வீட்டில் மாதக்கணக்கில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தாளில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை எங்கள் பக்கத்து வக்கீல்களே நம்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா? குழாய் எறக்கும்போது கையில வுழுந்துடுச்சுப்பா. ரெண்டு வெரல்ல கட்டுப் போட்ருக்காங்க. டாக்டரு பாக்கலாம்ங்கறாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"எந்தக் கை?"

"வலது."

மனைவி கதவருகே நின்றாள். நான் போனை மறைக்கவா முடியும்? வாங்கிக்கொண்டாள்.

"கை நல்லாருக்கா?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது, எனக்கே கேட்கிற அளவுக்கு. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான்.

"ம்" என்றாள். "ம். தெரியும். அழுவாத. தெரியும்டா. இன்னொரு தடவ சொல்லு. முழுசாச் சொல்லு. டிரைவர் சமாச்சாரத்தையும் சொல்லு."

அதையும் அவன் சொல்லியிருப்பான். போனைக் கொடுத்தபோது அது அவள் கன்னத்து வியர்வையில் நனைந்திருந்தது.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள்.

கோயிலில் அதே எழுத்தர். எங்கள் பிராதைத் தேடிப் பார்க்கவில்லை, அத்தனை காகிதத்தில் எதைத் தேடுவது? ராஜினாமா எழுதினால் போதும் என்றார். கெடு தாண்டிவிட்டதே என்று கேட்டேன். "கெடு நமக்குத்தாங்க, சாமிக்கு ஏது?" என்றார். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. சில திருட்டு வழக்குகளைக் கோர்ட்டே சமாதானமாக முடிக்க அனுமதிக்கும், இதுவும் அப்படித்தான் என்று நான் படித்ததை எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"பொருள் வந்துச்சாம்மா?"

"வரலைங்க. எடுத்தவன் ஒத்துக்கிட்டான். எம்புள்ளதான்."

எழுத்தரின் பேனா கொஞ்சம் தயங்கியது. "சரிம்மா. ஒரு வார்த்த கேக்கணும், வழக்கம். மனசார விட்டுட்டீங்களா?"

அவள் சந்நிதி முன்னால் இருந்த வேலைத் திரும்பிப் பார்த்தாள். காற்றில்லை. ஒரு காகிதமும் அசையவில்லை.

"எஞ்சங்கிலிய விட்டுட்டேங்க" என்றாள். "ஆனா அதுக்காக ஒரு மனுசன் ஸ்டேஷன்ல தரையில உக்காந்தாரு. இவரு கைகாட்டி வுட்டாரு, எம்புள்ள பாத்துக்கிட்டே இருந்தான். அந்த மானத்த நான் எப்படிங்க விட்டேன்னு சொல்றது? அது என்னுது இல்லியே."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்படின்னா அவரையும் கூட்டிட்டு வந்துடுங்கம்மா. அவரும் விட்டேன்னு சொல்லிட்டா முடிச்சிடலாம்."

அங்கிருந்து பஸ் மாறி மாறிக் கீழப்பழுவூர் போய்ச் சேர உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்க நீங்க பேசாதீங்க. செக்‌ஷன் எதுவும் சொல்லிடாதீங்க."

டிரைவர் வீட்டு வாசலில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. ஸ்டேஷனில் உட்கார்ந்த டிரைவரை வேறு எந்த லாரிக்காரனும் வைத்துக்கொள்ளவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அவர் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துப் போட்டார், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வாங்கண்ணே. வாங்க அண்ணி. குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

மனைவி உட்காரவில்லை. மகன் எடுத்ததையும், அவன் கையில் குழாய் விழுந்ததையும், எழுத்தர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் நின்றுகொண்டே சொன்னாள். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்.

"எந்தக் கைங்க அண்ணி?"

"வலது கை, தம்பி."

அவர் சுருக்கென்று மூச்சை இழுத்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"வர்றேன்னு சொல்லிடலாம்தான் அண்ணி. வந்து, விட்டுட்டேன்னும் சொல்லிடலாம். ஆனா இன்னும் விடலியே. தெனம் காலையில எந்திரிச்சா மொதல்ல அந்தத் தரதான் ஞாபகத்துக்கு வருது. சாமிகிட்ட போயி எப்படிப் பொய் சொல்றது?"

"வேணாம் தம்பி. பொய் சொல்ல வேணாம்" என்றாள் மனைவி.

"ஒரு நாளைக்கு விட்ருவேன்னுதான் நெனக்கிறேன். அன்னிக்கு நானே ஒங்க வூட்டுக்கு வந்து சொல்றேன், சேந்து போயிட்டு வந்துடலாம்." செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அதுவரைக்கும் தம்பிய பாத்துப் பதனமா இருக்கச் சொல்லுங்க."

பட்டம் வந்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவன் வாங்கியது என்று வருகிறவர்களிடம் சொல்லத்தான் செய்கிறேன். அதன் கீழேதான் செல்போனை வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை அது அடித்தால் மனைவி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பாள். மற்ற நாளில் அடித்தால், அவன் கைக்கு என்ன ஆயிற்றோ என்று இரண்டு பேரும் எடுக்கப் போக மாட்டோம். வாசலில் டிரைவர் வந்து நிற்கிறாரா என்று அவள் முதலில் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பாள்.